முதல் சுழற்சி

அடி அண்ணாமலை போன்ற ஊர்களில் கிணற்று நீரை இறைக்க உழவர்கள் டீசல் இயந்திரங்களைப் பயன்படுத்தினர். கைப்பிடியை மாட்டி வலிமையுடன் சுழற்றினால்தான் அவ்வியந்திரம் இயங்கத் தொடங்கும். டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றே பலரும் எண்ணுவர். அது ஓர் அறிஞரின் பெயர்.

ருடால்ப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் பாரிசு நகரில் செருமானியப் பெற்றோருக்குப் பிறந்தார். 1870இல் மூண்ட போரால் அவர் குடும்பம் பிரான்சை விட்டு வெளியேறியது. வறுமையிலும் கல்வியைக் கைவிடாத அவர், மியூனிக்குத் தொழில்நுட்பப் பள்ளியில் பயின்றார். எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே நீராவி இயந்திரம் பயனுள்ள வேலையாக மாற்றுகிறது என்று அங்கு அறிந்தார். அவ்வீணடிப்பைக் குறைப்பதே அவர் வாழ்வின் நோக்கமாயிற்று.

காற்றை மிகுதியாக அழுத்தினால் அது கடுமையாகச் சூடேறும். அச்சூட்டில் எரிபொருளைச் செலுத்தினால் தீப்பொறி இன்றியே தீப்பற்றும். இக்கொள்கையின்படி ஆக்சுபர்க்கு நகரில் அவர் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். 1893இல் நடந்த முதற்சோதனையில் எரிபொருள் தீப்பற்றியது. ஆனால் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் மனம் தளரவில்லை. குறைகளைத் திருத்தினார். 1894 பிப்ரவரி 17இல் இயந்திரம் தன் ஆற்றலால் ஏறத்தாழ ஒரு நிமிடம் சுழன்றது. 1897இல் அதன் திறன் 26 விழுக்காட்டை எட்டியது.

எனினும் இவ்வியந்திரத்திற்கு ஓர் இயல்பு உண்டு. சுழன்றால்தான் உருளைக்குள் காற்று அழுந்தும். காற்று அழுந்தினால்தான் தீ பிறக்கும். ஆதலால் முதல் சுழற்சியைப் புறவிசையே தர வேண்டும். பல மாடி உயரமுள்ள கப்பல் இயந்திரத்தைக் கையால் சுழற்ற இயலுமோ? அதற்கும் காற்றே துணை நிற்கிறது.

கப்பல் புறப்படுமுன் பொறியாளர்கள் இயந்திரத்தை வெதுவெதுப்பாக்கி, உராய்வுநீக்கும் எண்ணெயைச் செலுத்துவர். மின்விசையால் மெல்லச் சுழற்றி, உருளைகளில் நீர் தேங்கவில்லை என்பதை உறுதிசெய்வர். பின்னர், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு அழுத்தத்தில் கலன்களில் அடைக்கப்பட்ட காற்று, உருளைகளுக்குள் முறைப்படி பாயும். அது பிஸ்டன் என்னும் உந்துதண்டுகளைத் தள்ள, இயந்திரம் சுழலும். போதிய வேகம் வந்ததும் காற்று நிறுத்தப்பட்டு எரிபொருள் செலுத்தப்படும். அதன்பின் இயந்திரம் தானே இயங்கும். முன்னும் பின்னுமாகச் சுழலவல்ல இயந்திரமாயின், மீண்டும் நிரப்பாமலே பன்னிரு முறை தொடங்கும் அளவுக்குக் காற்று இருப்பில் இருத்தல் வேண்டும் என்பது விதி.

1912இல் டென்மார்க்கில் கட்டப்பட்ட செலாண்டியா என்னும் பெருங்கப்பல் டீசல் இயந்திரங்களுடன் கோபன்கேகனிலிருந்து பாங்காக்கு வரை சென்றது. புகைபோக்கியின்றிக் கடல் கடந்த அக்கப்பலைக் கண்டு உலகம் வியந்தது.

ஆனால் டீசலின் வாழ்வு கடன்சுமையால் நலிந்திருந்தது. 1913 செப்டம்பர் 29ஆம் நாள், இங்கிலாந்து செல்ல ஆண்ட்வெர்ப்பில் டிரெசுடன் என்னும் கப்பலில் ஏறினார். அன்றிரவு அவர் மறைந்தார். பின்னர் அவருடலைக் கடலில் கண்டனர். மறைவின் காரணம் இன்றும் தெளிவாகவில்லை. அவரது இறுதிப் பயணம் நீராவிக் கப்பலில் அமைந்தது. இன்றோ உலகின் பெருஞ்சரக்குக் கப்பல்களுள் பெரும்பாலானவை அவர் கண்ட நெறியிலேயே இயங்குகின்றன.