மூன்றாண்டு வாக்கு

சிறு வயதில் எனக்கு யுவான் சுவாங்கை அறிமுகப்படுத்தியது தொலைக்காட்சி. சுன் வூகோங் என்னும் குரங்கு வீரன் அரக்கர்களைப் பந்தாட, பின்னால் வெள்ளைக் குதிரையில் அப்பாவியாக ஒரு துறவி வருவாரே, அவர்தான். உண்மையான துறவி அவ்வளவு அப்பாவி அல்லர் என்பதைப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் அறிந்தேன்.

அரசின் அனுமதி இல்லாமலே சீன எல்லையைக் கடந்தவர் அவர். கோபிப் பாலைவனத்தில் தண்ணீர்ப் பை கைதவறிக் கொட்டிவிட, நான்கு இரவும் ஐந்து பகலும் நீரின்றித் தவித்தார். அதைத் தாண்டிக் காவோசாங் நாட்டை அடைந்தபோது வேறு சிக்கல். அரசர் சூ வென்தாய் அவரைத் தம்மிடமே இருத்திக்கொள்ளப் பார்த்தார். யுவான் சுவாங் உண்ணாநோன்பு இருந்தார். அரசர் இறங்கி வந்தார். ஆனால் திரும்பும்போது மூன்றாண்டுகள் தம் நாட்டில் தங்கவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டார். 24 நாடுகளுக்குக் கடிதங்களும் 30 குதிரைகளும் கொடுத்தனுப்பினார். அடுத்து வந்த தியான்சான் பனிமலையில் உடன் வந்தவர்களில் பத்துக்கு மூன்று நான்கு பேர் மாண்டனர்.

நாலந்தாவில் அவருக்குக் கற்பித்த சீலபத்திரர், காஞ்சியில் பிறந்த தர்மபாலரின் மாணவர். அந்தக் காஞ்சிக்கும் 640-ஆம் ஆண்டையொட்டி வந்தார். இலங்கைக்குக் கப்பலேற எண்ணியிருந்தார். அங்கே அரசர் இறந்து, பஞ்சமும் குழப்பமும் நிலவுவதாக அங்கிருந்து வந்த பிக்குகள் சொல்லவே திரும்பிவிட்டார்.

643-இல் தாய்நாடு திரும்பும் வேளை வந்தது. எந்த வழியில் செல்கிறார் என்று பேரரசர் ஹர்ஷர் கேட்டார். தென்கடல் வழியானால் துணைக்கு ஆள் அனுப்புவதாகவும் சொன்னார். பாகியான் 200 ஆண்டுகளுக்கு முன்பே இலங்கையிலிருந்து கப்பலில் திரும்பியிருந்தார். பிறகு 671-இல் புறப்பட்ட யீஜிங் ஸ்ரீவிஜயம், கடாரம் வழியாகவே இந்தியா சென்றார். யுவான் சுவாங்கும் கடலேறியிருந்தால் நம் கடாரத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருப்பாரே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

ஆனால் காவோசாங் நிலவழியில் இருந்தது. கொடுத்த வாக்குக்காக மலைவழியையே தேர்ந்தார். சிந்து ஆற்றில் படகு ஆடி 50 ஏடுகள் நீரோடு போயின. மீண்டும் படியெடுக்க ஆள் அனுப்பினார். ஹர்ஷர் தந்த யானை, மலையில் கள்வர் துரத்தியபோது நீரில் மூழ்கி இறந்தது.

இவ்வளவுக்கும், அவர் புறப்படும்போதே வாக்கு வாங்கியவர் உயிரோடு இல்லை. 640-இல் தாங் படை நெருங்கி வந்த நேரத்தில் சூ வென்தாய் இறந்தார். காவோசாங் சீனப் பேரரசோடு இணைக்கப்பட்டது. யுவான் சுவாங் அங்குத் திரும்பாமல் கோத்தான் வழியாக 645-இல் சாங்ஆன் சேர்ந்தார். 657 நூல்களை 20 குதிரைகள் சுமந்து வந்தன. பின்னர் லோயாங்கில் அவரை வரவேற்றவர் பேரரசர் தாய்சோங். காவோசாங்மீது படையனுப்பியவரும் அவரே.