தோற்று ஜெயித்த வீரர்!

குட்டீஸ்! கண்ணை மூடி ஒரு கற்பனை செய்து பாருங்கள். ஒரே ஊரில், ஒரே பள்ளியில், 12 ஆண்டுகளாக நீங்கள் படிக்கிறீர்கள். நண்பர்கள் எல்லாரும் அங்கேதான். திடீரென்று ஒருநாள் காலை டெலிபோன் மணி அடிக்கிறது. உன்னை வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றிவிட்டோம், உனக்குப் பதிலாக அங்கிருந்து ஒரு மாணவன் இங்கே வருவான் என்று ஒரு குரல் சொல்கிறது. உங்களிடமோ, அப்பா, அம்மாவிடமோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போக மறுத்தாலோ, இனி எந்தப் பள்ளியிலும் உங்களுக்கு இடமில்லை!

எப்படி இருக்கும்? கோபம் வரும் இல்லையா?

1969ம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவின் புகழ் பெற்ற பேஸ்பால் வீரர் ஒருவருக்கு இதேதான் நடந்தது. அவர் பெயர் கர்ட் ஃப்ளட். மற்றவர்கள் தலையெழுத்து என்று பெட்டி, படுக்கையைக் கட்டிக்கொண்டு போனார்கள். அவர் போகவில்லை. ஏன் போகவேண்டும் என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு அவர் கொடுத்த விலை என்ன தெரியுமா? வாருங்கள், அவருடைய கதையைப் பார்க்கலாம்.

கர்ட் ஃப்ளட் 1938ம் ஆண்டு ஜனவரி 18ம் தேதி, டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன் நகரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். அவர் குழந்தையாக இருந்தபோதே, குடும்பம் கலிபோர்னியாவில் உள்ள ஓக்லாண்டு நகருக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவும் அம்மாவும் ஓய்வின்றி உழைத்தும், வீட்டில் வறுமைதான். சிறுவன் கர்ட்டுக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, படம் வரைவது. மற்றொன்று, பேஸ்பால் விளையாடுவது.

அவன் உருவத்தில் சிறியவன். ஆனால், ஓட்டத்தில் மான் குட்டி! ஜார்ஜ் பவுல்ஸ் என்ற பயிற்சியாளர் அவனுடைய திறமையைக் கண்டுபிடித்தார். 1956ல் பள்ளிப் படிப்பு முடிந்ததும், சின்சினாட்டி ரெட்ஸ் அணி 4,000 டாலர் சம்பளத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது. 18 வயது இளைஞனின் கனவு பலித்தது.

ஆனால், அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குப் போனதும் கர்ட்டுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. அந்த நாட்களில் அங்கே கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாகச் சாப்பிடக் கூடாது. ஒரே ஓட்டலில் தங்கக் கூடாது. பயிற்சிக்காக ஃப்ளோரிடாவின் டாம்பா நகருக்குப் போனவரை, அணி தங்கியிருந்த ஓட்டலில் சேர்க்கவில்லை. ஊருக்கு வெளியே, கறுப்பின வீரர்களுக்கென்று இருந்த விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியூர் ஆட்டங்களுக்குப் பஸ்சில் போகும்போது, மற்ற வீரர்கள் உணவு விடுதிக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இவர் மட்டும் சமையலறையின் பின்வாசலில் நின்று சாப்பாட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரவில் அறையில் தனியாக உட்கார்ந்து அழுவார். காலையில் எழுந்து மைதானத்துக்குப் போவார். அந்த ஆண்டே 29 முறை பந்தை மைதானத்துக்கு வெளியே விளாசி, எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தார்!

1957ம் ஆண்டின் கடைசியில், ரெட்ஸ் அணி அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு மாற்றியது. அங்கேதான் கர்ட்டின் புகழ் கொடிகட்டிப் பறந்தது. மைதானத்தின் நடுவே, வெகுதூரத்தில் நின்று பந்தைப் பிடிக்கும் இடம் அவருடையது. உயரப் பறந்துவரும் பந்தைத் துரத்தி ஓடிப் பிடிப்பதில் கில்லாடி. மிகச் சிறந்த ஃபீல்டருக்குத் தரப்படும் தங்கக் கையுறை விருதை, 1963 முதல் 1969 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றார். 1966ம் ஆண்டு முழுவதும் ஃபீல்டிங்கில் ஒரு தவறுகூடச் செய்யவில்லை. அவர் ஆடிய அணி 1964லும், 1967லும் வேர்ல்டு சீரிஸ் கோப்பையைக் கைப்பற்றியது.

1968ல் மீண்டும் இறுதிப் போட்டி. டெட்ராய்ட் டைகர்ஸ் அணியுடன் ஏழாவது, கடைசி ஆட்டம். தன்னை நோக்கி வந்த ஒரு பந்தை கர்ட் தவறாகக் கணித்துவிட்டார். பந்து தலைக்கு மேலே பறந்தது. கார்டினல்ஸ் தோற்றது. எப்போதும் தவறாதவர் தவறியதால், அவருக்குப் பெரும் வருத்தம். அதற்கு அடுத்த ஆண்டுதான் அந்தக் காலை நேரத்து டெலிபோன் வந்தது. கர்ட் ஃப்ளட்டையும் வேறு சில வீரர்களையும் ஃபிலடெல்பியா அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து டிக் ஆலன் முதலிய வீரர்களை வாங்கிவிட்டார்கள்!

இப்படியெல்லாம் செய்ய முடியுமா என்று கேட்கிறீர்களா? அன்று முடியும். காரணம், ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்து.

1879ல் அணி முதலாளிகள் கூடிப் பேசி, ஒருவருடைய வீரரை மற்றவர் இழுக்கக் கூடாது என்று முடிவு செய்தனர். பிறகு அது எல்லா வீரர்களின் ஒப்பந்தத்திலும் ஏறியது. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். ஆனால், வீரர் கையெழுத்துப் போடாவிட்டாலும், அணி அதை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. நீட்டித்த ஒப்பந்தத்திலும் அதே வரி இருக்கும் அல்லவா? அதைக் காட்டி மறு வருடம். பிறகு மறு வருடம். தன் வாலைத் தானே கவ்வும் பாம்பு மாதிரி, முடிவே கிடையாது!

வீரர் ஆயுள் முழுவதும் ஒரே முதலாளியின் சொத்து. அவர் கொடுப்பதுதான் சம்பளம். முதலாளி விரும்பினால் வேறு அணிக்கு விற்கலாம். வீரர் விரும்பினால், விளையாட்டை விட்டே போகலாம், அவ்வளவுதான்.

வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து போட்டியை ஒழிக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் உண்டு. ஆனால், 1922ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பேஸ்பால் அந்தச் சட்டத்தின் கீழ் வராது என்று தீர்ப்பளித்துவிட்டது. அதனால் யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

கர்ட்டுக்கு அப்போது வயது 31. ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர். அந்நாளில் அது மிகப் பெரிய தொகை. பேசாமல் ஃபிலடெல்பியாவுக்குப் போயிருந்தால், அதைவிட அதிகமாகக் கிடைத்திருக்கும். இத்தனை சம்பளம் வாங்குபவருக்கு என்ன குறை என்று பலர் கேலி செய்தனர். கர்ட் என்ன நினைத்தார் தெரியுமா? கூலி எவ்வளவு உயர்ந்தாலும், தன்னை விற்கவும் வாங்கவும் இன்னொருவருக்கு உரிமை இருந்தால், அது அடிமைத்தனம்தான் என்று நினைத்தார். பின்வாசலில் நின்று சாப்பிட்ட நாட்களை அவர் மறக்கவில்லை.

அப்போது வீரர்கள் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் மார்வின் மில்லர். இரும்பாலைத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய பொருளாதார நிபுணர். கர்ட் அவரைச் சந்தித்து, வழக்குப் போடப் போவதாகச் சொன்னார். மில்லர் அவருக்கு ஆசை வார்த்தை காட்டவில்லை. வழக்கில் ஜெயிப்பது மிகவும் கடினம், ஆட்ட வாழ்க்கை முடிந்துவிடும், பிற்காலத்தில் பயிற்சியாளர் வேலைகூடக் கிடைக்காது என்று உள்ளதை உள்ளபடி சொல்லி எச்சரித்தார். கர்ட் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதனால் மற்ற வீரர்களுக்கும், இனி வரப்போகும் வீரர்களுக்கும் நன்மை உண்டா? உண்டு என்றார் மில்லர். கர்ட்டுக்கு அது போதுமானதாக இருந்தது!

1969 டிசம்பர் 24ம் தேதி, பேஸ்பால் கமிஷனர் பவுயி குனுக்கு கர்ட் கடிதம் எழுதினார். தன் விருப்பத்தைக் கேட்காமல் தன்னை விற்பதை ஏற்க முடியாது என்றும், எல்லா அணிகளும் தன்னிடம் பேச அனுமதிக்க வேண்டும் என்றும் கேட்டார். கமிஷனர் மறுத்துவிட்டார். 1970 ஜனவரியில் வழக்குத் தொடரப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஆர்தர் கோல்டுபெர்க், கர்ட்டுக்காக வாதாடினார்.

நியூயார்க் நகரில் விசாரணை நடந்தது. சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர் ஜாக்கி ராபின்சன். 1947ல் நிறவெறிச் சுவரை உடைத்து, பெரிய அணியில் ஆடிய கறுப்பின வீரர் அவர். உடல்நலம் குன்றிய நிலையிலும், கர்ட்டுக்கு ஆதரவாக வந்து பேசினார். ஆனால், அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவர்கூடச் சாட்சி சொல்ல வரவில்லை. எங்கே தங்கள் வேலை போய்விடுமோ என்று பயம்! யாருக்காகப் போராடினாரோ, அவர்களே ஒதுங்கி நின்றது கர்ட்டின் மனதை மிகவும் வாட்டியது.

1970ல் முதல் தீர்ப்பு கர்ட்டுக்கு எதிராக வந்தது. அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. கிடைத்திருக்க வேண்டிய சுமார் ஒரு லட்சம் டாலரை இழந்தார். 1971ல் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்காக மீண்டும் களமிறங்கினார். ஒரு வருட இடைவெளி, தீராத மனக்கவலை. கால்கள் பழையபடி ஓட மறுத்தன. 13 ஆட்டங்களோடு விலகி, நாட்டை விட்டே வெளியேறி ஸ்பெயினுக்குப் போய்விட்டார்.

1972 ஜூன் 19ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேஸ்பாலுக்குத் தந்த சலுகை விசித்திரமானதுதான் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டனர். ஆனாலும், அதை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம்தான் என்று சொல்லிவிட்டனர். 5 பேர் எதிராக, 3 பேர் ஆதரவாக. கர்ட் தோற்றுப்போனார்.

கதை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், குட்டீஸ்! இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

இந்த வழக்கால் நாடு முழுவதும் அந்த ஷரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வீரர்களுக்கும் துணிவு வந்தது. 1973ல் முதலாளிகளும் சங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஒரு புதிய விதி சேர்ந்தது. பத்து ஆண்டுகள் பெரிய அணிகளில் ஆடி, அதில் கடைசி ஐந்து ஆண்டுகள் ஒரே அணியில் இருந்த வீரரை, அவருடைய சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. அதற்கு கர்ட் ஃப்ளட் விதி என்றே பெயர் வந்தது. அந்த விதி நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருந்தால், அந்த டெலிபோனே வந்திருக்காது!

1975ல் ஆன்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு வீரர்கள் கையெழுத்துப் போடாமலே ஒரு வருடம் இருந்தார்கள். பிறகு, நாங்கள் இனி சுதந்திர வீரர்கள் என்றார்கள். பீட்டர் சீட்ஸ் என்ற நடுவர் டிசம்பர் 23ம் தேதி தீர்ப்புச் சொன்னார். ஒரு வருட நீட்டிப்பு என்றால் ஒரே ஒரு வருடம்தான். ஆயுள் முழுவதும் அல்ல! வாலைக் கவ்விய பாம்பு செத்தது.

1976ல் புதிய உடன்படிக்கை வந்தது. ஆறு ஆண்டுகள் ஆடிய வீரர், ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணியில் சேரலாம். எல்லா வீரர்களுக்கும் ஒவ்வோர் ஆண்டும் விடுதலை வேண்டும் என்று மில்லர் ஏன் கேட்கவில்லை தெரியுமா? சீசனில் மாம்பழம் கூடைகூடையாக வந்தால், விலை என்ன ஆகும்? சரிந்துவிடும் அல்லவா? ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் பேர் மட்டும் வெளியே வந்தால்தான், அணிகள் போட்டி போட்டுச் சம்பளம் தரும். புத்திசாலி மனிதர்!

அப்படியே நடந்தது. 1976 நவம்பரில் ரெஜி ஜாக்சன் என்ற வீரர், நியூயார்க் யாங்கீஸ் அணியில் ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 30 லட்சம் டாலருக்குச் சேர்ந்தார். அன்று முதல், ஆட்டமே இல்லாத குளிர்கால மாதங்களிலும் ரசிகர்கள் எந்த வீரர் எந்த அணியில் சேரப் போகிறார் என்று ஆவலோடு காத்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ என்ற வீரர், நியூயார்க் மெட்ஸ் அணியில் 15 ஆண்டுகளுக்கு 76 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சேர்ந்தார். அம்மாடியோவ்!

ஆனால், இந்தப் பணத்தில் ஒரு காசுகூட கர்ட் ஃப்ளட்டுக்குக் கிடைக்கவில்லை. ஸ்பெயினில் கையிருப்பு கரைந்தது. குடிப்பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகள் கழித்து, தான் வளர்ந்த ஓக்லாண்டுக்கே திரும்பி வந்தார். கஷ்டப்பட்டு அந்தப் பழக்கத்தை விட்டொழித்தார். பிறகு, அங்கே சிறுவர்களுக்கான பேஸ்பால் போட்டிகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார்.

1994ல் வீரர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸ் போட்டியே நடக்கவில்லை. டிசம்பரில் அட்லாண்டா நகரில் வீரர்கள் கூடினர். அங்கே கர்ட் பேச வந்தபோது, எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று நீதிமன்றத்தில் ஒரு வீரர்கூட வரவில்லை. 24 ஆண்டுகள் கழித்து ஒரு கூட்டமே எழுந்து நின்றது!

1997 ஜனவரி 20ம் தேதி, தொண்டைப் புற்றுநோயால் கர்ட் ஃப்ளட் காலமானார். 59வது பிறந்தநாள் முடிந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. மறு ஆண்டு அக்டோபரில், அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மற்ற விளையாட்டு வீரர்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு, பெரிய அணிகளில் ஆடும் பேஸ்பால் வீரர்களுக்கும் கிடைத்தது. அந்தச் சட்டத்தின் பெயர், கர்ட் ஃப்ளட் சட்டம். நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள் அல்லவா? அதற்கு 26 ஆண்டுகள் ஆனது!

குட்டீஸ், மாமரம் நடுகிறவர் எல்லாருக்கும் பழம் சாப்பிடக் கொடுத்துவைப்பதில்லை. பழம் தனக்குக் கிடைக்காது என்று முன்பே தெரிந்துகொண்டு நட்டவர் கர்ட் ஃப்ளட். உங்கள் வகுப்பில் ஒருவருக்கு அநியாயம் நடக்கும்போது, எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் எழுந்து நின்று ஏன் என்று கேட்டால், அவரைத் தனியாக நிற்க விடாதீர்கள். நீங்களும் எழுந்து பக்கத்தில் நில்லுங்கள். சரியா?