மொலோக்காய்த் தீவின் பங்குத்தந்தை புனித தமியான்

யூபிலி காணும் பங்கில் முதலில் நினைவுக்கு வருகிறவர்கள், அங்கே வந்து உழைத்துச் சென்ற குருக்களே. யார் காலத்தில் கோபுரம் எழுந்தது, யார் காலத்தில் பெரிய மணி வந்தது, பள்ளிக்கூடத்தைத் திறந்தவர் யார் என்று முதியவர்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். அப்படி எண்ணும்போதே, ஓர் ஊரை உண்மையில் பங்காக ஆக்குவது எது என்ற கேள்வியும் எழுகிறது. அதற்கு விடை காண, பசிபிக் மாக்கடலின் நடுவே, மனிதர்கள் சாவதற்கென்றே கொண்டுபோய் விடப்பட்ட ஓரிடம் பங்காக மாறிய வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்ப்போம். அந்தப் பங்கின் தந்தைதான் தமியான் அடிகளார்.

பிறப்பும் தேவ அழைத்தலும்

பெல்ஜியம் நாட்டில் லூவேன் நகருக்கு அருகே திரெமெலோ என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே தானிய வியாபாரம் செய்துவந்த தெ வூஸ்டர் குடும்பத்தில், 1840 சனவரி 3-ஆம் நாள், ஏழாவது குழந்தையாகப் பிறந்தார் தமியான். ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் சூசை. வியாபாரத்தைத் தமக்குப்பின் இந்த மகன் நடத்துவான் என்று தகப்பனார் எண்ணியிருந்தார். ஆனால் உடன்பிறந்தாரில் சிலர் ஏற்கெனவே துறவறம் பூண்டிருந்தனர். இவரும் 1859-இல், அண்ணன் பம்ஃபில் இருந்த இயேசு மரியாயின் திரு இருதயங்கள் சபையில் சேர்ந்து, தமியான் என்னும் துறவறப் பெயரைப் பெற்றார்.

குருப்பட்டத்திற்குப் போதிய படிப்பு இல்லாதவர் என்றே மேலதிகாரிகள் முதலில் இவரைக் கருதினர். அண்ணனிடமே லத்தீன் கற்று அந்தக் குறையைப் போக்கிக்கொண்டார். 1863-இல் ஹவாய்த் தீவுகளுக்கு வேதபோதகராகப் புறப்பட வேண்டிய அண்ணன், கொடிய காய்ச்சலில் படுத்துவிட்டார். உடனே தமியான், அந்த இடத்தில் தம்மை அனுப்புமாறு பாரிசு நகரிலிருந்த சபைத் தலைவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதி அனுமதி பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. குருப்பட்டமும் இன்னும் பெறவில்லை. ஷெர்ப்பன்ஹோவல் மாதா திருத்தலத்தில் தாயிடம் விடைபெற்றார். தாயும் மகனும் அதன்பின் சந்திக்கவே இல்லை.

நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்த கடற்பயணத்திற்குப் பின், 1864 மார்ச்சு 19-ஆம் நாள், தம் பாதுகாவலரான புனித சூசையப்பர் திருநாளன்று ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார். அவ்வாண்டு மே 21-ஆம் நாள் அந்நகரின் சமாதான அன்னை பேராலயத்தில் குருவாகத் திருநிலை பெற்றார். பின்னர் ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் பூனா, கொஹாலா பகுதிகளில் குதிரை மீதும் கால்நடையாகவும் அலைந்து பணியாற்றினார். மக்களின் மொழியைக் கற்றார். ரம்பமும் உளியும் பிடித்துத் தம் கையாலேயே சிற்றாலயங்களைக் கட்டினார்.

பிரிக்கும் நோய்

வெளிநாட்டுக் கப்பல்களோடு பல புதிய நோய்கள் அத்தீவுகளுக்கு வந்து சேர்ந்தன. மக்கள் ஏராளமாய் மடிந்தனர். அவற்றுள் தொழுநோயும் ஒன்று. அதற்கு அன்று மருந்து கிடையாது. மன்னர் 5-ஆம் கமேஹமேஹா ஆட்சியில், நோயாளிகளைப் பிடித்துத் தனியே ஒதுக்கும் சட்டம் 1865-இல் பிறந்தது. மொலோக்காய்த் தீவின் வடகரையில் ஒரு நிலப்பகுதி இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மூன்று பக்கமும் கடல். நான்காம் பக்கம் சுமார் 2,000 அடி உயரச் செங்குத்தான பாறைச் சுவர். 1866 சனவரியில் முதல் நோயாளிகள் அங்கே கலவாவோ என்னுமிடத்தில் இறக்கிவிடப்பட்டனர்.

கணவனை மனைவியிடமிருந்தும், பிள்ளையைத் தாயிடமிருந்தும் பிரித்த அந்த நோயை, ஹவாய் மக்கள் தங்கள் மொழியில் பிரிக்கும் நோய் என்றே அழைத்தார்கள். ஆயினும் எல்லாரும் பிரிந்துவிடவில்லை. நோயில்லாத மனைவிமார் சிலரும் கணவன்மார் சிலரும், தம்மவர்க்குத் துணையாகத் தாமே முன்வந்து அங்கே சென்றனர். நோயாளிகளுள் இருந்த புராட்டஸ்டன்ட் சகோதரர்கள் 1866-லேயே தமக்கென ஒரு சபையை அமைத்துக்கொண்டனர். கத்தோலிக்கருக்காக 1872-இல் புனித பிலோமினம்மாள் பெயரில் ஒரு சிறு மர ஆலயம் எழுந்தது. ஆலயம் இருந்தது, மக்கள் இருந்தனர், தங்கியிருக்கக் குருவானவர்தான் இல்லை.

சில வாரங்களுக்கு என்று வந்தவர்

1873 மே மாதம் மவுயித் தீவில் ஓர் ஆலயத் திறப்பு விழாவுக்குக் குருக்கள் கூடியிருந்தனர். ஆயர் மெக்ரே ஆண்டகை, மொலோக்காய் நோயாளிகளின் நிலையை எண்ணி வருந்திப் பேசினார். கட்டளையிட்டு எவரையும் அங்கே அனுப்ப அவர் மனம் இடந்தரவில்லை. நான்கு இளங்குருக்கள் முன்வந்தனர். ஒருவர் மாற்றி ஒருவர் சில வாரங்கள் தங்குவது என்று ஏற்பாடு. முதல் முறை தமியானுக்கு. மே 10-ஆம் நாள் ஆயரே அவரை அழைத்துச் சென்று கலவாவோ மக்களிடம் ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது 33.

தங்க வீடில்லை. ஆலயத்தை அடுத்திருந்த தாழை இனத்து மரம் ஒன்றின் அடியிலேயே முதல் சில வாரங்கள் உறங்கினார். வந்த ஒருசில நாள்களிலேயே, தம்மை நிரந்தரமாக அங்கே விட்டுவிடும்படி மேலதிகாரிகளுக்கு எழுதினார். மறு உத்தரவு வரும்வரை தங்கலாம் என்று பதில் வந்தது. அந்த மறு உத்தரவு வரவே இல்லை.

தொழுநோயாளிகளைத் தொடக் கூடாது என்பதே அன்று எங்கும் நிலவிய எச்சரிக்கை. ஆனால் தொடாமல் ஒரு குருவானவர் எப்படிப் பணி செய்வது? அக்கால அவஸ்தைப்பூசுதல் சடங்கில் கண், செவி, நாசி, வாய், கை, கால் என ஒவ்வோர் உறுப்பிலும் விரலால் எண்ணெய் பூச வேண்டும். நற்கருணையை நாவில் வைக்க வேண்டும். தமியான் தொட்டார். புண்களைக் கழுவிக் கட்டினார். மக்களோடு ஒரே பாத்திரத்தில் கைவிட்டு அவர்களது உணவை உண்டார். நாற்றம் தாங்காமல் புகைக்குழாய் பிடிக்கப் பழகிக்கொண்டார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவரும் நம்மைப் போன்ற மனிதரே.

தமிழில் நாம் என்றும் நாங்கள் என்றும் இரு சொற்கள் இருப்பது போலவே, ஹவாய் மொழியிலும் கேட்பவரைச் சேர்த்துச் சொல்ல ஒரு சொல், சேர்க்காமல் சொல்ல வேறொரு சொல் உண்டு. தமியான் பிரசங்கத்தில் தொழுநோயாளிகளைப் பற்றிப் பேசும்போது, தம்மையும் சேர்த்து நாம் என்றே பேசினார். இதை அவர் அண்ணனுக்குத் தெரிவித்தது 1873-இல். நோய் அவரைத் தொடுவதற்குப் பதினோராண்டுகள் முன்பு!

ஆலயத் தரையில் சில துளைகள்

1874-இல் வீசிய புயலில் நோயாளிகளின் குடிசைகள் பல பறந்துபோயின. அரசாங்கத்திடம் பலகைகள் கேட்டு வாங்கி, நடமாட முடிந்த நோயாளிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு உறுதியான வீடுகள் கட்டினார். மலைப் பள்ளத்தாக்கிலிருந்து குழாய் வழியே குடிநீர் வந்தது. அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் அமைந்தது. பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் உருவாயின. முன்பு செத்தவர்களைப் பாயில் சுற்றி ஆழமின்றிப் புதைத்த இடத்தில், இப்போது ஒவ்வொருவருக்கும் சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார், செபத்தோடும் இசையோடும் அடக்கம் செய்தார்.

இவை எல்லாவற்றையும்விட ஒரு சிறு செய்தி நெஞ்சைத் தொடுவது. நோய் முற்றியவர்களுக்கு வாயில் எச்சில் நிற்காது. அடிக்கடி துப்ப வேண்டியிருக்கும். ஆலயத்தை அசுத்தப்படுத்த வெட்கப்பட்டு அவர்கள் வெளியே நின்றார்கள். தமியான் அவர்களைக் கண்டிக்கவில்லை. ஆலயத்தின் பலகைத் தரையில் ஆங்காங்கே துளைகள் இட்டார். இலையைச் சுருட்டித் துளையில் செருகி அதன் வழியே துப்பிக்கொண்டு, அவர்களும் மற்றவரோடு உள்ளே அமர்ந்து திருப்பலி கண்டார்கள். அந்தத் துளைகள் அந்த ஆலயத் தரையில் பின்னாளிலும் காணக்கூடியவையாகவே இருந்தன.

அவருடைய சிலுவை

தமியான் குறையற்றவர் அல்லர். முன்கோபம் உண்டு, பிடிவாதம் உண்டு. துணைக்கு வந்த குருக்களுடன் ஒத்துப்போகவில்லை. வேண்டியதைக் கேட்டுக் கேட்டு அரசின் சுகாதார அதிகாரிகளைச் சலிப்படையச் செய்தார். இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் போதகர் ஒருவர் திரட்டிய நிதி அவருக்கு வந்தபோது, அவர் பெருமை தேடுகிறார் என்று சொந்தச் சபையின் மேலதிகாரிகளே ஐயுற்றனர். நோயைவிட இதுவே அவரை அதிகம் வருத்தியது.

பாவசங்கீர்த்தனத்திற்கு ஒரு குரு இல்லாததும் அவருக்குப் பெரும் வேதனை. ஒருமுறை சபையின் மாநில அதிபர் கப்பலில் அவ்வழியே வந்தார். அவர் கரையில் இறங்கக் கப்பல் தலைவர் அனுமதிக்கவில்லை; தமியான் கப்பலில் ஏறவும் விடவில்லை. தமியான் சிறு படகில் நின்றபடியே, மேலே நின்ற அதிபரிடம் உரத்த குரலில் தம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்றார். நமக்கோ பாவசங்கீர்த்தனத் தொட்டி ஆலயத்திற்குள்ளேயே இருக்கிறது.

1884 டிசம்பரில் ஒருநாள் கொதிக்கும் நீரில் காலை வைத்தார். கால் வெந்தது, சூடு மட்டும் தெரியவில்லை. நோய் தம்மையும் பற்றிவிட்டதை அறிந்துகொண்டார். 1886-இல் தாயார் இறந்த செய்தி வந்தது. எனினும் வேலையைக் குறைக்கவில்லை. அவ்வாண்டிலேயே அமெரிக்கப் போர்வீரராக இருந்த ஜோசப் டட்டன் உதவிக்கு வந்தார். 1888-இல் கொன்ரார்டி அடிகளும், மரியான் கோப் அன்னையின் தலைமையில் பிரான்சிஸ்கன் கன்னியரும் வந்து சேர்ந்தனர். இனித் தம் மக்கள் அநாதைகள் அல்லர் என்ற ஆறுதலோடு, 1889 ஏப்ரல் 15-ஆம் நாள், புனித வாரத்துத் திங்கட்கிழமையன்று, 49-ஆம் வயதில் கண்களை மூடினார். வந்த அன்று நிழல் தந்த அதே தாழையின் அடியில் அவரை அடக்கம் செய்தனர்.

மறைவுக்குப் பின்

அவ்வாண்டே ஹொனலூலுவில் இருந்த புராட்டஸ்டன்ட் போதகர் ஒருவர், தமியானின் நடத்தையை இழித்து எழுதிய கடிதம் அச்சேறியது. அதற்கு மறுப்பு எழுதியவர் ஒரு கத்தோலிக்கர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. ஸ்காத்லாந்தில் பிறந்த புகழ்பெற்ற எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், தமியான் இறந்த சில வாரங்களில் அக்குடியிருப்புக்குச் சென்று தங்கி, நோயாளிகளிடமே விசாரித்தவர். அவர் 1890-இல் வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தில், தமியானின் குறைகளை மறைக்காமலே அவருடைய மாண்பை உலகறியச் செய்தார்.

1936-இல் அவரது திருவுடல் பெல்ஜியத்திற்குக் கொண்டுவரப்பட்டு லூவேனில் வைக்கப்பட்டது. 1995-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தபோது, அவருடைய வலக்கை மட்டும் கலவாவோவின் பழைய கல்லறைக்குத் திரும்பியது. தொட்ட கை, தொட்ட மக்களிடமே போய்ச் சேர்ந்தது எனலாம். 2009 அக்டோபர் 11-ஆம் நாள் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். மரியான் அன்னைக்கும் 2012-இல் அப்பேறு கிட்டியது. மே 10, அவர் அத்தீவில் கால்வைத்த நாள், அவருடைய திருநாளாயிற்று.

தமியான் மொலோக்காயில் இறங்கிய அதே 1873-இல்தான், நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க்கு ஒரு கிருமியே காரணம் என்று கண்டார். 1940-களில் பயன்தரும் மருந்து வந்தது. ஹவாயில் நோயாளிகளை ஒதுக்கும் சட்டம் 1969-இல் ஒழிந்தது. அதற்குள் சுமார் 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டிருந்தனர். இன்று இந்நோய் மாத்திரைகளால் முற்றிலும் குணமாகிறது. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

நோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் பிரிக்கும் நோய் வேறு உருவங்களில் நம்மிடையே இன்னும் இருக்கிறது. கடன்பட்டு வெட்கத்தால் பூசைக்கு வராதவர், குடும்பத்தில் நேர்ந்த தவறுக்காக ஊர் ஒதுக்கியவர், படுக்கையில் கிடந்து மறக்கப்பட்ட முதியவர் ஆகியோர் நம் ஆலய வாசலுக்கு வெளியே நிற்கவில்லையா? யூபிலி ஆண்டில் ஆலயத்திற்கு வெள்ளையடிக்கிறோம். தரைக்குப் பளிங்கு பதிக்கிறோம். நல்லதுதான். ஆனால் வெளியே நிற்பவர் உள்ளே வருவதற்காகத் தம் ஆலயத்துப் புதுத்தரையில் துளையிடத் தயங்காத ஒரு பங்குத்தந்தை இருந்தார் என்பதையும் நினைவில் வைப்போம். அவர் அன்று நாம் என்று சொன்ன சொல்லுக்குள் எல்லாரும் அடங்கினார்கள். நம் பங்கிலும் அச்சொல் அப்படியே ஒலிக்க, புனித தமியானே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.