பாட்டனார் வைத்த நிதி: ஸ்ரீ ஆளவந்தார் திருச்சரித்திரம்

பல்லாண்டுகள் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பின்னர் திவ்யதேச யாத்திரை புறப்படும் பெரியோர்கள் நம்மிடையே பலர் உளர். அவர்களுள் சிலர் முகம் மலர்ந்து காண்கின்றனர். வேறு சிலரோ கைவிட்டுப் போன பதவியையும், அதனோடு போன மரியாதையையும் நினைந்து நினைந்து உள்ளம் குன்றுகின்றனர். இருவர்க்கும் ஓய்வு ஒன்றே. அஃது ஒருவர்க்கு இன்பமாகவும் மற்றவர்க்குத் துன்பமாகவும் ஆவது ஏன்? இவ்வினாவுக்கு விடையாக விளங்குவது, பாதி ராஜ்யத்தை விட்டு வந்து பேரானந்தம் கண்ட நம் பூர்வாசார்யர் ஸ்ரீ ஆளவந்தாரின் திருச்சரித்திரமாகும்.

காட்டுமன்னார்கோயில் என இன்று வழங்கும் வீரநாராயணபுரத்தில், 10ஆம் நூற்றாண்டில், ஆடி உத்திராடத் திருநாளில் அவதரித்தவர் இம்மஹான். திவ்யப் பிரபந்தங்களை உலகுக்கு மீட்டளித்த ஸ்ரீமந்நாதமுனிகளின் திருப்பேரனார், ஈச்வரமுனிகளின் திருக்குமாரர். பாட்டனாரின் திருவுள்ளப்படி யமுனைத்துறைவர் எனத் திருநாமம் பெற்றார். மஹாபாஷ்யபட்டர் என்பாரிடம் இளமையிலேயே சாஸ்திரங்களைக் கற்றுத் தேர்ந்தார்.

அந்நாளில் ஆக்கியாழ்வான் என்னும் அரசவைப் புலவன், பிற வித்வான்கள் யாவரும் தனக்கு வரி செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டு வந்தான் எனக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. தம் ஆசிரியர்க்கு வந்த ஓலையைக் கண்டு பொறாத யமுனைத்துறைவர் அதனைக் கிழித்தெறிந்து, வாதத்திற்கு அழைப்பு விடுத்தார். அவைக்கு வந்த பாலகரின் தேஜஸைக் கண்ட அரசி, வெற்றி இவர்க்கே எனத் துணிந்து அரசனோடு பந்தயம் வைத்தாள். அரசனும், பாலகர் வென்றால் பாதி ராஜ்யம் அளிப்பதாக வாக்களித்தான். யமுனைத்துறைவர் மூன்று வாக்கியங்களைச் சொல்லி மறுக்கும்படி கேட்டார். ஆக்கியாழ்வானால் ஒன்றையும் மறுக்க இயலவில்லை. பின்னர் அவரே சாஸ்திரங்களைக் கொண்டு அம்மூன்றையும் மறுத்துக் காட்டினார். தங்களை ஆள வந்தவர் இவரே என்று மகிழ்ந்து அரசி அழைத்தமையால், ஆளவந்தார் என்னும் பெயர் அவர்க்கு நிலைத்தது.

பாதி ராஜ்யம் கைக்கு வந்தது. மாளிகையும் படையும் பணியாட்களும் வந்தனர். ஆண்டுகள் உருண்டன. நாதமுனிகளின் பேரன் தாம் என்பதும், தமக்கெனக் காத்திருக்கும் பொறுப்பு ஒன்று உண்டு என்பதும் அரச காரியங்களின் நெருக்கத்தில் மறைந்து போயின.

ஆனால் அதனை மறவாதார் ஒருவர் இருந்தார். அவரே மணக்கால் நம்பி. நாதமுனிகளின் சிஷ்யரான உய்யக்கொண்டாரிடம் பயின்றவர். யமுனைத்துறைவரைத் திருத்திப் பணிகொள்ள வேண்டும் என்ற ஆசார்ய நியமனத்தைத் தலைமேற்கொண்டவர். அரண்மனைக் காவலைக் கடந்து அரசரைக் காண்பது அவர்க்கு எளிதாக இல்லை. ஆளவந்தார்க்குத் தூதுவளைக் கீரையில் விருப்பம் உண்டென அறிந்து, அதனைப் பறித்து நாள்தோறும் மடைப்பள்ளியில் சேர்த்து வந்தார். இவ்வாறு ஆறு மாதங்கள் கழிந்தன. பிறகு ஒருநாள் கீரையை நிறுத்திவிட்டார். இலையில் கீரையைக் காணாத ஆளவந்தார் காரணம் வினவ, முதியவர் ஒருவர் கைம்மாறு ஏதும் பெறாமல் கொணர்ந்து கொடுத்த செய்தி வெளிப்பட்டது. அவர் மீண்டும் வந்தபோது ஆளவந்தார் வரவழைத்து, பொன் வேண்டுமோ, நிலம் வேண்டுமோ என்று கேட்டார். நம்பியோ, தாம் கேட்க வரவில்லை என்றும், பாட்டனார் சேர்த்து வைத்த நிதி ஒன்று தம்மிடம் இருப்பதாகவும், அதனை உரியவரிடம் ஒப்படைக்கவே வந்ததாகவும் விண்ணப்பித்தார்.

நாள்தோறும் வந்து ஸ்ரீ கீதையின் பொருளை நம்பி உபதேசிக்கத் தொடங்கினார். நாடு முழுவதையும் விசாரித்து நீதி வழங்கிய ஆளவந்தார், தம்மைத் தாமே விசாரிக்கும் நிலைக்கு வந்தார். தாம் யார், தாம் ஆளும் இவையெல்லாம் யாருடையவை என்னும் வினாக்கள் உள்ளத்தில் எழுந்தன. கீதை முடிவதற்குள் அரசில் இருந்த பற்று அற்றது. வைத்த நிதி எங்கே என்று அவர் கேட்க, இரண்டு ஆறுகளின் நடுவே, ஏழு மதில்களுக்குள்ளே, பாம்பொன்றின் காவலில் அஃது இருப்பதாகச் சொல்லி, நம்பி அவரைத் திருவரங்கத்திற்கு அழைத்துச் சென்றார். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே அரவணையில் பள்ளிகொண்ட பெரிய பெருமாளைச் சேவித்த அக்கணமே தம் குலதனத்தை ஆளவந்தார் கண்டுகொண்டார். அரண்மனைக்கு மீளாமல் துறவறம் ஏற்றுத் திருவரங்கத்திலேயே தங்கினார்.

இங்கு நாம் சிந்திக்க வேண்டுவது ஒன்றுண்டு. அவர் முதலில் அரசை விட்டுப் பின்னர் அமைதியைத் தேடவில்லை. முதலில் உள்ளம் தெளிந்தது. அரசு தானே கழன்றது. இந்தத் தெளிவையே பிற்காலத்தில் ஆத்மஸித்தி என்னும் நூலில் சாஸ்திர முறையில் நிறுவினார். உடல், பொறிகள், மனம், பிராணன், புத்தி ஆகிய இவை அனைத்தினும் வேறானது ஆத்மா. அஃது இயல்பாகவே இன்பமுடையது என்பது அந்நூலின் துணிபு. இன்பம் ஆத்மாவின் இயல்பாயின், பதவி அதனைக் கொடுக்கவும் இல்லை; ஓய்வு அதனைப் பறிக்கவும் இயலாது.

அதனோடும் அவர் நின்றாரல்லர். 65 சுலோகங்கள் கொண்ட ஸ்தோத்ரரத்னத்தில் தம் குற்றங்களை ஒளிக்காமல் எம்பெருமான் திருமுன்பே எடுத்துரைக்கின்றார். தம் இயல்பு எத்தகையதாயினும் ஆகுக, தம்மை அப்போதே அவன் திருவடிகளில் சமர்ப்பித்துவிட்டதாக விண்ணப்பிக்கின்றார். ஆள வந்தவர் அடிமையாக மகிழ்ந்தார். பெயர் மாறவில்லை, பெயர்க்கு உடையவரின் நினைவே மாறியது.

துறந்த பின்னும் அவர் வாழ்வில் இழப்புகள் நேராமல் இல்லை. யோக ரஹஸ்யத்தைக் குருகைக்காவலப்பன் என்னும் யோகியிடம் குறித்த நாளில் சென்று பெற வேண்டியிருந்தது. ஆளவந்தாரோ அரையர் இசைத்த பாசுரத்தில் உள்ளம் உருகித் திருவனந்தபுரம் சேவிக்கப் புறப்பட்டுவிட்டார். அங்கே சென்று ஓலையைப் பார்த்தபோது அந்த நாள் அதுவேயாய் இருந்தது. பறந்து செல்ல ஒரு புஷ்பக விமானம் இல்லையே என்று வருந்தினார். ஆயினும் அவ்வருத்தத்திலேயே ஆழ்ந்து கிடவாமல், பெற்ற பொருளைப் பிறர்க்கு அளிப்பதில் ஈடுபட்டார். பெரிய நம்பி, பெரிய திருமலை நம்பி, திருக்கோஷ்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப் பெருமாள் அரையர், திருக்கச்சி நம்பி, மாறனேர் நம்பி முதலிய சிஷ்யர்கள் அவர் திருவடிகளில் உருவாயினர்.

முதுமையில் அவர்க்கு இருந்த கவலை, இச்செல்வம் தமக்குப் பின் யாரிடம் சேரும் என்பதே. காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் பயின்று வந்த இளைஞர் இளையாழ்வாரைப் பற்றிக் கேள்வியுற்று அங்கு எழுந்தருளினார். தொலைவிலிருந்தே குளிரக் கடாக்ஷித்து, அருகழைத்துப் பேசாமல், பேரருளாளனிடம் அவரை ஒப்படைத்துத் திரும்பினார். பின்னர்ப் பெரிய நம்பி சென்று அவரை அழைத்து வருவதற்குள் ஆளவந்தார் பரமபதம் எய்திவிட்டார். ஆற்றங்கரையில் சரம திருமேனியைச் சேவித்த இளையாழ்வார், மூன்று விரல்கள் மடங்கியிருக்கக் கண்டார். ஆசார்யரின் நிறைவேறாத மூன்று மனோரதங்களைத் தாம் நிறைவேற்றுவதாக அவர் சபதம் செய்யச் செய்ய, விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன என்பது ஐதிஹ்யம். அவ்விளையாழ்வாரே ஸ்ரீபாஷ்யம் அருளிய எம்பெருமானார் ஸ்ரீ இராமாநுஜர்.

ஓய்வு பெற்றோர் அனைவரும் காஷாயம் உடுக்க வேண்டும் என்பது இச்சரித்திரத்தின் கருத்தன்று. வாழ்நாள் முழுதும் நாம் கணக்கிட்டவை எல்லாம் பிறருடையவை. இப்போது கிடைத்திருக்கும் பொழுதில் நம்மை நாமே கணக்கிடுவோமாக. நாம் கற்றதையும் பெற்றதையும் பேரன் பேத்திகளுக்கும் அண்டை அயலார்க்கும் மகிழ்ந்து கொடுப்போமாக. நம்மைத் தேடிக் கீரை சுமந்து வந்த நல்லோர் எவரேனும் உண்டாயின் அவரை நினைந்து வணங்குவோமாக. பாட்டனார் வைத்த நிதி இரண்டு ஆறுகளுக்கு நடுவே இன்றும் அப்படியே இருக்கின்றது. அதனைச் சேவிக்க வேண்டுவது பொழுதும் தெளிந்த உள்ளமுமே. பொழுதைத் தந்தது ஓய்வு. உள்ளத்தைத் தெளிவிப்பது நம் பொறுப்பு.

ஸ்ரீ ஆளவந்தார் திருவடிகளே சரணம்.