யுங்கின் ஆழ்மனப் பயணமும் எம்மாவின் பங்கும்

1913 அக்டோபரில் ஷாஃப்ஹவுசன் நகருக்கு ரயிலில் சென்றுகொண்டிருந்தார் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங். ஐரோப்பாவைப் பெருவெள்ளம் மூடுவதாகவும், அந்நீர் குருதியாக மாறுவதாகவும் அவர் கண்முன் ஒரு காட்சி விரிந்தது. சில வாரங்களில் அது மீண்டும் வந்தது. மனச்சிதைவு நோயாளிகளுக்கு ஆண்டுக்கணக்கில் சிகிச்சை அளித்தவர், தம் அறிவும் பிறழ்கிறதோ என்று அஞ்சினார். அப்போது அவருக்கு வயது 38.

1875-இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் யுங். பாசலில் மருத்துவம் பயின்று, 1900-இல் சூரிச்சின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். 1907-இல் ஃபிராய்டைச் சந்தித்தார். தந்தை - மகன் போல வளர்ந்த அந்த உறவு 1913-இன் தொடக்கத்தில் முறிந்தது. மறு ஆண்டே, பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியையும் சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் தலைமையையும் அவர் துறந்தார்.

பிறகு நடந்ததுதான் வியப்புக்குரியது. மனத்தில் எழுந்த உருவங்களை அவர் விரட்டவில்லை, அவற்றோடு உரையாடினார். ஞானமுதியவர், இளம்பெண், பாம்பு எனத் தோன்றியவற்றையெல்லாம் சிவப்புத் தோல் அட்டையிட்ட பெரிய ஏட்டில் எழுதி, வண்ணம் தீட்டினார். ஏறத்தாழ 16 ஆண்டுகள் இது நீடித்தது. நோயாளிகளைப் பார்ப்பதையும் நிறுத்தவில்லை. தம்முள் கண்ட இத்தகைய உருவங்கள் நோயாளிகளின் கனவுகளிலும் பல நாட்டுப் புராணங்களிலும் இருப்பதைக் கண்டு, மனிதகுலத்துக்குப் பொதுவான ஆழ்மன அடுக்கு ஒன்று உண்டு என்ற முடிவுக்கு வந்தார். அவ்வடிவங்களுக்குத் தொல்படிமங்கள் என்று 1919-இல் பெயரிட்டார். அவற்றை விழிப்போடு எதிர்கொள்பவரே முழுமை பெறுகிறார் என்பது அவரது சிகிச்சையின் சாரம். புள்ளிவிவரங்களோடு வாழ்ந்த எனக்கு இதன் நிரூபணத்தில் தயக்கம் உண்டு. அந்தத் துணிவில் ஐயமில்லை.

ஆனால், பொருளாதாரம் பயின்றவனின் கண் செலவுக் கணக்கின் பக்கம் போகாமல் இருப்பதில்லை. ரயில் சென்ற ஷாஃப்ஹவுசன், அவருடைய மனைவி எம்மாவின் ஊர். எம்மா அங்கே கடிகாரத் தொழிற்சாலை உரிமையாளரின் மகள். பதவிகளை உதறியவருக்குத் தனி மருத்துவத் தொழில் இருந்தது. அதற்கும் கீழே உறுதியான தளமாக இருந்தது மனைவியின் செல்வம். ஐந்தாவது குழந்தை பிறந்ததும் 1914-இல்தான். அந்த ஆண்டுகளில் யுங்குக்குத் துணைநின்றவர், அவரிடம் முன்னர் சிகிச்சை பெற்ற டோனி வூல்ஃப். அவ்வுறவு மருத்துவர் - நோயாளி எல்லையைக் கடந்ததையும் எம்மா தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மனிதன் தன் நிழலை எதிர்கொள்ள வேண்டும் என்று கற்பித்தவர் தம் இல்லத்தில் விழுந்த நிழலை எந்த அளவு கண்டார் என்று கேட்பது நியாயமே.

எம்மா ஒதுங்கிவிடவில்லை. தாமும் உளப்பகுப்பாய்வாளரானார். 1916-இல் சூரிச்சில் தொடங்கிய உளவியல் மன்றத்தின் முதல் தலைவர் அவரே. புனிதக் கிண்ணம் பற்றிய இடைக்காலத் தொன்மத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, அது முடியுமுன் 1955-இல் மறைந்தார். மேரி லூயிஸ் ஃபான் ஃபிரான்ஸ் அதை நிறைவு செய்தார். யுங் மறைவதற்கு ஓராண்டு முன்னதாக, 1960-இல் அந்நூல் வெளிவந்தது. யுங்கின் சிவப்பு ஏடு அச்சேறியது 2009-இல்.