இலவசக் கல்வி தந்த கன்னங்கரா

பெற்ற உதவியை மறவாதிருத்தல் நல்லோர் இயல்பு. அவ்வுதவியைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாது, நாட்டிலுள்ள பிள்ளைகள் யாவர்க்கும் உரிமையாக்கி வைத்தல் அரியோர் செயல். அத்தகைய அரியோருள் ஒருவர் திரு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள்.

அம்பலாங்கொடையை அடுத்த றந்தொம்பையென்னும் ஊரில் 1884ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆந் திகதி அன்னார் பிறந்தார். அம்பலாங்கொடை வெஸ்லியன் பாடசாலையிற் பயின்ற காலத்தில், அங்கு நடைபெற்ற பரிசளிப்பு விழாவொன்றுக்குக் காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் டரல் பாதிரியார் தலைமை தாங்க வந்தார். மீண்டும் மீண்டும் மேடையேறிப் பரிசில் பெற்ற சிறுவன் அவர் கருத்தைக் கவர்ந்தான். உபகாரச் சம்பளம் அளித்து அவனைத் தமது கல்லூரியிற் சேர்த்துக்கொண்டார். அன்று அந்த அதிபரின் கண்ணிற் படாதிருந்தால், அச்சிறுவனின் கல்வி கிராமத்தோடு முடிந்திருத்தலுங் கூடும்.

றிச்மண்டில் படிப்பிலும் விளையாட்டிலும் அவர் முன்னின்றார். 1903ஆம் ஆண்டிற் கேம்பிறிட்ஜ் பரீட்சையில் எண்கணிதத்திற் பிரித்தானிய சாம்ராச்சியத்திலேயே முதலிடம் பெற்றார். பின்னர் அக்கல்லூரியிலேயே கணித ஆசிரியராயினார். மொறட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரியிலும் கொழும்பு வெஸ்லிக் கல்லூரியிலும் கற்பித்துக்கொண்டே சட்டம் பயின்று, 1910இற் காலியில் நியாயவாதியாகத் தொழில் தொடங்கினார். 1911ஆம் ஆண்டுத் தேர்தலிற் சேர். பொன்னம்பலம் இராமநாதனுக்கு ஆதரவாக உழைத்தமையே அவரது அரசியல் வாழ்வின் தொடக்கம். 1923இற் சட்டநிரூபண சபையினுட் புகுந்தார்.

1931இல் அரசாங்க சபை அமைந்தபோது கல்வி மந்திரியாகி, 1947 வரை அப்பதவியை வகித்தார். 1936இல் அமைந்த மந்திரி சபையிலே தமிழர் ஒருவரும் இடம்பெறாமை எம்மவர் நெஞ்சில் ஆறாத குறையாயிற்று. அச்சபையில் அவரும் அங்கத்தவராயிருந்தார் என்பதை மறைத்தல் முறையன்று. எனினும் கல்வித் துறையில் அவர் இயற்றிய பணி இனம், மதம் என்னும் வரம்புகளைக் கடந்தது. தாய்மொழி மூலம் ஆரம்பக் கல்வி புகட்டல் வேண்டுமென அவர் தலைமையிலான விசேட குழு 1943ஆம் ஆண்டறிக்கையில் விதந்துரைத்தது. அதனாற் சிங்களம் போன்று தமிழும் ஏற்றம் பெற்றது. கிராமப் பிள்ளைகளும் உயர்தரக் கல்வி பெறுமாறு 50க்கு மேற்பட்ட மத்திய பாடசாலைகளை நிறுவினார். தமக்குக் கிடைத்தது போன்ற உபகாரச் சம்பளத்தை அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வழங்கச் செய்தார்.

கல்வியை முற்றாக இலவசமாக்கும் பிரேரணையை 1944 மே 30இல் அவர் சபையிற் சமர்ப்பித்தபோது எதிர்ப்புப் பலவாறு எழுந்தது. செலவைத் தாங்கமுடியாதென்றனர் சிலர். பணஞ் செலுத்தாத கல்விக்கு மதிப்பிராதென்றனர் வேறு சிலர். கட்டணத்தால் வாழ்ந்த கல்லூரிகளின் முகாமையாளர் பலர் கலங்கினர். அவர் தளரவில்லை. 1945 ஒக்டோபர் 1 முதல், பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

இத்துணை நன்மை செய்தவரை, 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மத்துகமை வாக்காளர் தோற்கடித்தனர். உலகியல்பு அவ்வாறே. அவர் மனங்கசந்து ஒதுங்கவில்லை. இந்தோனேசியாவில் இலங்கையின் பிரதிநிதியாகக் கடமையாற்றி மீண்டு, 1952இல் அகலவத்தைத் தொகுதியில் வெற்றிபெற்று, 1956 வரை உள்ளூராட்சி மந்திரியாக விளங்கினார். நெடுங்காலம் மந்திரியாயிருந்தும் பொருள் சேர்த்தாரல்லர். முதுமையில் அரசு அளித்த உதவிப்பணம் அவருக்குத் துணையாயிற்று. 1969 செப்டெம்பர் 23இல் அவர் காலமானார்.

அதிபர் ஒருவர் ஒரு சிறுவனை இனங்கண்டார். அச்சிறுவன் வளர்ந்து, எவர் கண்ணிலும் படாத பிள்ளைக்கும் பாடசாலைக் கதவு திறந்திருக்க வழிசெய்தான். கட்டணமின்றிக் கற்று உயர்ந்த பழைய மாணவராகிய நாம், நமது பங்குக்கு வறிய மாணவன் ஒருவனையேனும் இனங்கண்டு கைதூக்கிவிடுவோமாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.