கணக்குப் புலி ஜான் வான் நியூமன்

கம்ப்யூட்டர் புத்தகத்தில் இவர் பெயர் ஒரே வரியில் வந்துட்டுப் போயிடும். எனக்கு அது பத்தலை. அதனால் இந்த வாரம் இவரைப் பற்றி எழுதுகிறேன்.

1903 டிசம்பர் 28-ல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்டில் பிறந்தார். ஆறு வயசிலேயே எட்டு இலக்க எண்ணை எட்டு இலக்க எண்ணால் மனசுக்குள்ளே வகுப்பாராம். (நமக்கு ஒன்பதாம் வாய்ப்பாடே தகராறு!) அப்பா சொன்னார் என்று கெமிக்கல் இன்ஜினியரிங், தன் ஆசைக்குக் கணக்கு, இரண்டும் படித்தார். 22 வயதில் டாக்டர் பட்டம். 1930-ல் அமெரிக்கா போனார். 1945-ல் நாகசாகியில் போட்ட அணுகுண்டில் இவர் கணக்கும் இருக்கிறது. அதை மறைக்க எனக்கு மனசு வரலை.

அப்போதைய கம்ப்யூட்டர் எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகள். பல்பு மாதிரி அடிக்கடி பியூஸ் போகும். ஒன்று போனாலும் விடை தப்பாகலாம். தப்பு செய்கிற உறுப்புகளை வைத்தே நம்பகமான இயந்திரம் கட்ட முடியுமா என்று யோசித்தார். ஒரு கம்பிக்குப் பதில் ஒரு கட்டு கம்பி, அதில் பெரும்பாலானவை சொல்வதே விடை. 1952 ஜனவரியில் கலிபோர்னியாவில் இதைச் சொற்பொழிவாகச் சொன்னார். 1956-ல் அச்சானது.

1960-களில் மற்றவர்கள் இதை வளர்த்தார்கள். ஒரு எண்ணை 0, 1 வரிசையாக எழுதணும். பாதி 1 என்றால் அந்த எண் அரை. இரண்டு வரிசையிலும் ஒரே இடத்தில் 1 வந்தால் மட்டும் 1 போட்டால் பெருக்கல் முடிஞ்சுது! அதற்கு ஒரே ஒரு 'அண்ட் கேட்' போதும்.

நான் நம்பலை. நானும் பக்கத்து பெஞ்சுக்காரியும் இரண்டு காசை 100 தடவை சுண்டினோம். அரையும் அரையும் பெருக்கினால் கால், அதாவது 25 தடவை இரண்டும் தலை விழணும். 27 விழுந்தது! ஒரு தடவை தப்பாக எண்ணியிருந்தாலும் விடை ஒன்றுதான் மாறும். ஆனால் இன்னும் சரியாக வேண்டுமென்றால் கைவலிக்கச் சுண்டணும், நேரம் ஆகும். படத்தில் ஒரு புள்ளி லேசா மங்கினால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் படத்தைச் சீராக்கும் சிப்புகளில் இந்த முறையைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

1955-ல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, தன் மூளை வேலை செய்கிறதா என்று பார்க்க, சின்னக் கூட்டல் கணக்கு கேட்கச் சொல்வாராம் மகள் மெரினாவிடம். ஏழும் நாலும் எத்தனை என்கிற மாதிரி கணக்கு. கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்க முடியாமல் மகள் அறையை விட்டு வெளியே போய்விடுவாராம். 1957 பிப்ரவரி 8-ல் இறந்தார். வயது 53.